தீப்பெட்டி ஊர்க்காரனும் ஊமெயோ நாற்றங்காலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. நேத்து வீட்ல அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய நோட்டு கிடைச்சுது. அட்டையில் ‘2012, ஏப்ரல் - அக்டோபர்’னு என் கையெழுத்து. உள்ள பூராவும் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு பக்கத்துல மட்டும் பாதியில் நின்னு போன ஒரு அட்டவணை. அதைப் பார்த்ததும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு. (அந்த ஊர்ல நிஜ கொசுவத்தியும் தேவைப்பட்டது, அதை அப்புறம் சொல்றேன்.)

நமக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். சிவகாசிக்குப் பக்கத்துலன்னு சொன்னாத்தான் வெளியூர்க்காரங்களுக்குப் புரியும். அம்மா இருபது வருஷத்துக்கு மேல தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க. வெளியூர்க்காரங்களுக்காக ஒரு விளக்கம்: எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டோம், எல்லாம் ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். ‘எங்கம்மா ஆபீஸ் போறாங்க’ன்னு ஸ்கூல்ல சொல்லி வாத்தியார்கிட்ட மரியாதை வாங்கினவன் நான் :) கட்டை அடுக்குறதுன்னா, மருந்து முக்குறதுக்கு முன்னாடி தீக்குச்சிகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சட்டத்துல வரிசையா அடுக்குறது. கண்ணும் விரலும் மட்டும் வேலை பார்க்கும். பெறகு கண்ணு சரியில்லாம வீட்டுலயே பெட்டி ஒட்டினாங்க. எல்லாம் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸுக்கு 144. என் வனவியல் படிப்பு எத்தனை குரோஸ்னு அம்மாவுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு ஆராய்ச்சிக்காக ஆறு மாசம் ஸ்வீடன்ல ஒரு வன நாற்றங்கால்ல தங்குற வாய்ப்பு வந்துச்சு. ஊர் பேரு ஊமெயோ. அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

“ஊமையோவா? யாருய்யா ஊமை?”

“ஊர் பேரும்மா.”

“பேரே சரியில்லையே. என்ன வேலை?”

“நாத்தங்கால்ல மரக்கன்னு வளக்குறது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. “அதுக்கு எதுக்குய்யா அம்புட்டுத் தூரம்? இங்கன ஸ்ரீவில்லிபுத்தூர்ல காட்டிலாகாவே வளக்குறாங்களே?”

இந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சரியான பதில் கிடையாது.

சரி, ஊரைப் பத்திச் சொல்றேன். ஊமெயோ ஸ்வீடனோட வடபாதியில் இருக்கு. வேளாண் பல்கலைக்கழகத்தோட வனவியல் புலம் அங்கதான். நான் தங்கினது ஊருக்கு வடகிழக்கே, சேவார் பக்கம் ஒரு சின்ன நாற்றங்கால். (சேவார்னதும் நம்ம சேத்தூர் ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன்.) நாற்றங்காலுக்கு ஸ்வீடிஷ்ல என்ன தெரியுமா? ‘பிளான்ட்ஸ்கூலா’. அதாவது செடிப் பள்ளிக்கூடம். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வரிசையா உட்கார வச்சு, ஒழுங்கா வளர்த்து, பாஸ் ஆனதும் காட்டுக்கு அனுப்பி வைக்கிறாங்க.

ஏப்ரல் நடுவுல போய் இறங்கினேன். ‘வசந்த காலம்’னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. வேலி ஓரத்துல முழங்கால் உயரத்துக்கு அழுக்குப் பனி கிடந்துச்சு. விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு ஈரம்னாலே தீபாவளிக்கு முந்தின அடைமழை மட்டும்தான். வெயில்ல பொறந்து கரிசல்ல வளர்ந்த உடம்பு முதல் வாரம் என்ன பாடு பட்டுச்சுன்னு தனிப்பதிவே போடலாம்.

தினசரி வேலை இப்படி. காலையில் ஏழு மணிக்கு ஆரம்பம். ஏழுன்னா ஏழுதான், ஏழேகால் இல்ல. வெப்பமூட்டின கண்ணாடிக் கூடத்துக்குள்ள போனதும் கண்ணாடியில் ஆவி படியும். உள்ள பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொரு தட்டுலயும் குட்டிக் குட்டிக் குழிகள், குழி நிறைய பீட் மண். ஒரு குழிக்கு ஒரு விதை. அதை மெஷினே போட்டுரும். ஸ்ப்ரூஸ், பைன் ரெண்டும்தான் முக்கியமான பயிர். அந்த நாட்டு நாற்றங்கால்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 35 கோடிக்கும் மேல கன்று அனுப்புதுன்னு கேட்டப்ப எனக்குத் தலை சுத்துச்சு. மரம் வெட்டினவன் அந்த இடத்துல திரும்பக் காடு வளர்க்கணும்னு 1903லயே சட்டம் போட்ட நாடு.

மெஷின் சில நேரம் ஒரு குழிக்கு ரெண்டு விதை போட்டுரும். ரெண்டும் முளைச்சா ஒண்ணைப் பிடுங்கணும். அதுதான் முதல் மாசம் எனக்குக் கொடுத்த வேலை. (நிஜமாவே ஆணி பிடுங்குற வேலை மக்கா!) பக்கத்துல ஒரு வயசான அம்மா உட்கார்ந்து செய்வாங்க. காதுல ரேடியோ. கண்ணு தட்டுல. விரல் மட்டும் போய்ப் போய் வரும். எனக்கு ஒரு தட்டு முடியுறதுக்குள்ள அவங்களுக்கு மூணு முடிஞ்சிரும். முதுகை வளைச்சு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு உட்கார்ந்திருக்கிற அந்தக் கோலம்... எனக்கு ரெண்டாவது நாளே தெரிஞ்சு போச்சு. ஒட்டிக்கிட்ட குச்சியைச் சட்டத்துல இருந்து விலக்கி விடுற எங்கம்மா கோலம்தான் அது. வித்தியாசம் என்னன்னா, இந்தம்மாவுக்கு மணிக்கணக்குச் சம்பளம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயமா எழுந்து போய்க் காபி குடிக்கணும்.

அந்தக் காபி நேரத்துக்குப் பேரு ஃபீக்கா. நாற்றங்கால் மேலாளர், டிராக்டர் ஓட்டுறவர், லீவுக்கு வேலைக்கு வந்த பள்ளிக்கூடப் பசங்க எல்லாரும் ஒரே மேஜை. யாரும் யாரையும் சார் மேடம் கிடையாது. முதல் நாள் நான் மேலாளர் உட்காரட்டும்னு நின்னுக்கிட்டே இருந்தேன். நான் எதுக்காகவோ கோவிச்சுக்கிட்டு நிக்கிறதா நினைச்சுட்டாங்க. அந்த மேஜையில் ஏலக்காய் போட்ட பன் வைப்பாங்க. குளிர்ல, அந்த அத்துவானத்துல, ஏலக்காய் வாசம்! கண்ணை மூடினா பொங்கல் வீடு. பதிலுக்கு நான் கொண்டுபோன சாத்தூர் காராச்சேவை ஒரு நாள் தட்டுல கொட்டி வச்சேன். டிராக்டர்காரர் ஒரு கை அள்ளி வாயில் போட்டார். பெறகு எழுந்து வெளிய போய்க் கொஞ்ச நேரம் பனியைப் பார்த்துக்கிட்டு நின்னார். அவர் கண்ணுல தண்ணி. ஆனா மறுநாள் வந்து, “அது இன்னும் இருக்கா?”ன்னு கேட்டார் பாருங்க, சாத்தூர் ஜெயிச்சிருச்சு.

ஜூன் வந்ததும் கன்றுகளை வெளிய எடுத்து வச்சோம். அப்பதான் ரெண்டு பிரச்சனை. ஒண்ணு கொசு. நம்மூர்க் கொசுவுக்கு ஒரு நேரங்காலம் உண்டு, சாயங்காலம் வரும். அது நாள் பூராவும் வரும். ரெண்டாவது, ராத்திரி வரவே இல்ல. சூரியன் பத்தரை மணி வாக்கில் மறையும், ரெண்டரை மணிக்குள்ள திரும்ப வந்துரும், நடுவுல இருக்கிறதும் இருட்டு இல்ல, சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம். ஜன்னல்ல பெட்ஷீட் கட்டித் தூங்கப் பார்த்தேன். ம்ஹூம்.

இதுல வேடிக்கை என்னன்னா, என் ஆராய்ச்சியே ராத்திரியைப் பத்தினதுதான். அந்தச் செடிக்கு வெளிச்சம் நீளமா இருக்கிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கணும்னு தோணும். ராத்திரி நீளமாச்சுன்னா குளிர்காலம் வருதுன்னு புரிஞ்சுக்கிட்டு, நுனியில் மொட்டைக் கட்டி, உடம்பை இறுக்கிக்கும். மொட்டு கட்டாத இளங்கன்று முதல் உறைபனியிலேயே கருகிரும். அதனால கோடை நடுவுலயே பொய்யா ஒரு ராத்திரியைக் காட்டுறாங்க. சாயங்காலம் பாத்திகள் மேல கறுப்புத் திரையை இழுத்து மூடணும், மறுநாள் காலையில் திறக்கணும். ரெண்டு மூணு வாரம் இதே வேலை. பெரிய நாற்றங்கால்ல மோட்டார் இழுக்கும். நம்ம சோதனைப் பாத்திக்கு நான்தான் மோட்டார். தினமும் சாயங்காலம் பளீர்னு அடிக்கிற வெயில்ல ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குப் போர்த்தித் தூங்க வச்சிட்டு, ரூமுக்குப் போய் நான் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.

அம்மாகிட்ட இதை எல்லாம் போன்ல சொல்லுவேன். அவங்க எல்லாத்தையும் தீப்பெட்டிக் கணக்குல போட்டுப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. காட்டுல நட்ட கன்றோட பட்டையைத் தின்ன ஒரு வண்டு வரும், அதுக்காகத் தண்டுல பசையும் பொடி மணலும் பூசி அனுப்புற முறை ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்.

“அங்கயும் மருந்து முக்குறாங்களா?”

“ஆமாம்மா, ஒரு வகையில.”

“முக்கி?”

“இலையுதிர் காலத்துல அட்டைப்பெட்டியில அடுக்கி, மைனஸ் நாலு டிகிரி வரைக்கும் குளிர்ல வச்சிருப்பாங்க. வசந்தத்துல எடுத்து நடுவாங்க.”

“கடைசியில பெட்டியில அடுக்குறதுதானா!” அம்மாவுக்கு அன்னைக்கு முழுக்கச் சிரிப்பு.

ஒரு நாள் கேட்டாங்க: “ஏய்யா, அந்த ஊர்லயும் தீப்பெட்டி உண்டா?”

எனக்கு அப்பதான் உறைச்சுது. உண்டாவா? தீப்பெட்டிக்குத் தாய்வீடே அதுதானே! பெட்டியோட பக்கத்துல உரசினாத்தான் பத்தும்ங்கிற பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844ல் உரிமை வாங்கினவர் குஸ்டாஃப் எரிக் பாஷ்ங்கிற ஸ்வீடன்காரர். அதை நல்லபடியா வியாபாரமாக்கினது யோன்ஷோப்பிங்ங்கிற ஊர்ல லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். அந்தக் காலத்து இந்தியாவில் கடைக்குக் கடை ஸ்வீடன் தீப்பெட்டிதான். 1920களில் இறக்குமதி வரி ஏறினதும் அவங்களே இங்க வந்து 1923ல் விம்கோ கம்பெனியை ஆரம்பிச்சாங்க. அதே காலத்துலதான் எங்க ஊரு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில் தீப்பெட்டி போட்டாங்க. அவங்ககிட்ட மெஷின். எங்ககிட்ட கை. அந்தக் கைகள்ல ரெண்டு எங்கம்மாவோடது.

அவங்க குச்சிக்கு எடுக்கிற மரம் ஆஸ்ப். நாற்றங்கால் பின்னாடி காட்டோரத்துல நிறைய நிக்கும். இலைக்காம்பு தட்டையா இருக்கிறதால காத்தே இல்லாட்டியும் இலை நடுங்கிக்கிட்டே இருக்கும். நம்ம அரச மரம் மாதிரியே சலசலன்னு சத்தம். பயந்து நடுங்கினா ‘ஆஸ்ப் இலை மாதிரி நடுங்குறான்’னு அவங்க பழமொழியே இருக்கு. நம்ம பக்கம் பெருமரமும் மட்டியும் தீக்குச்சிக்குப் போகும். கேரளாப் பக்கமிருந்து குச்சி லாரியில வந்து இறங்குறதைப் பார்த்திருக்கேன். ஆனா அந்தக் குச்சி மரமா நிக்கிறதை எங்கம்மா ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

“ஒரு குச்சி மரமாக எத்தனை வருசம்யா?”ன்னு கேட்டாங்க.

“இங்க நாப்பது அம்பது வருசம் ஆகும்மா. நம்மூர்ல பத்து வருசத்துக்குள்ள வெட்டிரலாம்.”

“நான் அம்புட்டு வருசத்தை எல்லாம் கணக்குப் பார்க்காம அடுக்கியிருக்கேனே”ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

இப்ப அந்த நோட்டுல பாதியில் நின்ன பக்கத்துக்கு வர்றேன்.

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. அன்னைக்கு என் வேலை கன்றோட உயரமும், வேர் தொடங்குற இடத்துல தண்டோட பருமனும் அளக்கிறது. காலையில் ஃபீக்காவுக்கு உட்கார்ந்தப்ப மச்சான்கிட்ட இருந்து எஸ்எம்எஸ். ‘முதலிப்பட்டியில வெடி ஆபீஸ் வெடிச்சிருச்சு. பெரிய விபத்து. சித்தி போன் எடுக்கல.’

நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் மூணரை மணி நேர வித்தியாசம். அங்க அப்ப மதியம். சித்தி வேலை பார்த்தது வேற ஆபீஸ், ஆனா அதே பக்கம்தான். போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

வெடி ஆபீஸ் உள்ள செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுலயே கொடுத்துட்டுப் போகணும். பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி, நல்ல விதிதான். ஆனா ஏதாவது ஒண்ணு நடந்துருச்சுன்னா, உள்ள இருக்கிறவங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரிய ஒரு வழியும் இல்ல. எங்க ஊர்ல பொறந்த எல்லாருக்கும் இந்த சுவிட்ச் ஆஃப் குரல் தெரியும். பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செல்போனே இல்லாதப்ப சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடிப்போய் நிப்போம், வர்ற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கிட்டு. போன் வந்த பெறகு நின்ன இடத்துலயே நின்னு அழுத்திக்கிட்டே இருக்கோம், அம்புட்டுத்தான் மாற்றம்.

என்ன செய்யுறதுன்னு தெரியல. மேஜையில் யார்கிட்டயும் சொல்லல. எழுந்து போய் அளக்க ஆரம்பிச்சேன். ஒரு கன்று, உயரம், பருமன், நோட்டுல எழுது. அடுத்த கன்று. பத்து கன்றுக்கு ஒரு தடவை போன். நாற்பது கன்று வரைக்கும் போச்சு. அதுக்கு மேல எண்ணைப் பார்த்தா என் கையெழுத்தே எனக்குப் புரியல. தண்டு பருமன் இருக்க வேண்டிய கட்டத்துல சித்தியோட போன் நம்பரை எழுதி வச்சிருக்கேன்.

கன்று பிடுங்குற அந்தம்மாதான் முதல்ல கவனிச்சாங்க. என்னன்னு கேட்டாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் கம்மி, எனக்கு ஸ்வீடிஷ் அதை விடக் கம்மி. சிவகாசி, பட்டாசு, தீ, சித்தின்னு துண்டு துண்டாச் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. என் கையில இருந்த அளவுகோலை வாங்கி வச்சிட்டு, பக்கத்துல கவுத்திப் போட்டிருந்த தட்டு மேல உட்கார்ந்துக்கிட்டாங்க. அம்புட்டு நேரமும் உட்கார்ந்திருந்தாங்க. ரேடியோவைக் கழட்டி வச்சிருந்தாங்க, அது நல்லா ஞாபகம் இருக்கு.

ரெண்டரை மணி போல சித்தியே கூப்பிட்டாங்க. ஆபீஸை மூடி எல்லாரையும் அனுப்பிட்டாங்களாம், பஸ் இல்லாம நடந்தே வந்திருக்காங்க. “நான் நல்லாத்தான்டா இருக்கேன். என்னத்துக்கு அழுகுற? சாப்ட்டியா?” பெறகு கொஞ்ச நேரம் கழிச்சு, “நெறய பேரு போயிட்டாங்கடா. வெடிச்ச பெறகு காப்பாத்தப் போனவங்க, பார்க்கப் போனவங்க எல்லாம் சேர்த்து...”ன்னு நிறுத்திட்டாங்க. ஏறத்தாழ நாற்பது பேர் அன்னைக்கு இறந்தாங்க. தொழிலாளிங்க மட்டும் இல்ல, உதவிக்கு ஓடி வந்த ஊர்க்காரங்களும் அதுல உண்டு.

அந்த நாற்பது கன்றோட அளவு என் ஆய்வறிக்கையில் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை அந்தம்மா கார்ல என்னை ஊமெயோ டவுனுக்குக் கூட்டிப் போனாங்க. எதுக்குன்னு சொல்லல. ஆத்தங்கரைப் பக்கம் அகலமான ஒரு தெருவுல நிறுத்தி இறக்கி விட்டாங்க. ரெண்டு பக்கமும் பிர்ச் மரம், வெள்ளைப் பட்டையோட, வரிசையா. இலை மஞ்சளாக ஆரம்பிச்சிருந்த நேரம். அந்த ஊருக்கு ‘பிர்ச் மரங்களின் நகரம்’னு ஒரு பேரு உண்டுன்னு எனக்குத் தெரியும். ஏதோ சுற்றுலாவுக்கு வச்ச பேருன்னு நினைச்சிருந்தேன்.

அந்தம்மா கையை விரிச்சுக் காட்டி, “பிரான்ட்”ன்னாங்க. தீ.

1888 ஜூன் 25ஆம் தேதி ஊமெயோ எரிஞ்சு போயிருக்கு. எல்லாம் மர வீடுகள், நெருக்கமான தெரு, கோடைக்காத்து. ஊரோட பெரும்பகுதி ஒரே நாள்ல போயிருச்சு. கீழே தெற்குல சுண்ட்ஸ்வால்னு இன்னொரு ஊரும் அதே நாள்ல எரிஞ்சிருக்கு. திரும்பக் கட்டும்போது ஊமெயோக்காரங்க தெருவை அகலமாக்கி, அடுத்த தடவை தீ ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் தாவாம இருக்கணும்னு வரிசையா பிர்ச் நட்டாங்க. அலங்காரத்துக்கு வந்த மரம் இல்ல, காவலுக்கு வந்த மரம்.

நான் அந்தத் தெருவுல ரொம்ப நேரம் நடந்தேன். மனசுக்குள்ள ஒரே படம்தான். நம்ம ஊர்ல ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவுல புங்கை, வேம்பு, வாகைன்னு வரிசையா. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து பெரிய திட்டமே போட்டேன். எத்தனை அடிக்கு எத்தனை மரம், எந்த மரம், எத்தனை தண்ணி. நாலு பக்கம். உலகத்தைக் காப்பாத்தப் போற வேகம்!

அக்டோபர்ல ஊருக்கு வந்து அந்த நாலு பக்கத்தையும் சித்திகிட்ட வாசிச்சுக் காட்டினேன். சித்தி முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டாங்க. முடிச்சதும் சொன்னாங்க:

“மரம் வைக்கலாம்டா. வச்சா என்ன ஆகும் தெரியுமா? சித்திரை வெயில்ல ஷெட்டுக்குள்ள உட்கார முடியாது. நிழல் இருந்தா நிழலுக்கு வருவோம். வந்தா கையில வேலையையும் தூக்கிட்டு வருவோம். பீஸ் ரேட்டுல்ல? அங்கன உட்கார்ந்தே செய்வோம். பெறகு அந்த மரத்தடியும் ஒரு ஷெட்டு.”

எனக்குப் பேச்சு வரல. மரத்தடியில வச்சுப் பட்டாசு செஞ்சதா ஆய்வுல பிடிச்சாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல வர்றதை நானும் படிச்சிருக்கேன். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம்னு விதி எல்லாம் நம்மகிட்டயும் இருக்கு. அந்தத் தூரம் சும்மா கிடக்கிற இடமா எல்லாருக்கும் தெரியுறதுதான் சிக்கல். சீசன் நேரத்துல ஆர்டர் நெருக்கும்போது சும்மா கிடக்கிற இடம் யார் கண்ணையும் உறுத்தும்.

அப்பதான் அந்த ஊமெயோ தெருவை எனக்குத் திரும்ப நினைச்சுப் பார்க்கத் தோணுச்சு. பிர்ச் மரம் தீயைத் தடுக்கும்தான். ஆனா தெருவை அகலமாக்கினவங்க அந்த அகலத்தை வெறுமனே விட்டிருந்தா, இந்த நூத்திச் சொச்சம் வருஷத்துல யாராவது ஒரு கடையையாவது அங்க கட்டியிருக்க மாட்டாங்களா? மரம் நின்னதால யாரும் கட்டல. மரத்தைக் காரணம் காட்டி இடத்தைக் காலியா வச்சிருந்தாங்க. அந்த மரத்துக்கு ஒரு ஊரே காவல் இருந்துச்சு. சித்தி சொன்ன மரத்தடிக்குக் காவல் யாரு? பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிற சித்தியா? மணிக்கணக்குச் சம்பளமும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு காபியும் இருந்திருந்தா சித்தி ஏன் வேலையைத் தூக்கிட்டு நிழலுக்கு வரப்போறாங்க?

நான் ஆறு மாசம் அந்த நாட்டுல இருந்து கத்துக்கிட்டு வந்த வனவியல் இம்புட்டுத்தான். மரம் நடுறது சுலபமான பாதி.

இப்ப சித்தி வெடி ஆபீசுக்குப் போறதில்ல. கண்ணு மங்கிருச்சு. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற துண்டு நிலத்துல ஒரு சின்ன நாற்றங்கால் போட்டு வச்சிருக்கோம். புங்கை, வேம்பு, வாகை, கொஞ்சம் பெருமரம். அம்மாதான் அதுக்கு மேலாளர். ஒரு பைக்கு ரெண்டு முளைச்சா ஒண்ணைப் பிடுங்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. இன்னொரு பையில எடுத்து நட்டுர்றாங்க. தண்ணி ஊத்திட்டு ராத்திரி போன்ல கணக்குச் சொல்லுவாங்க: “ஒரு குரோஸ் எழுந்திருச்சுய்யா. வாகை மட்டும் இன்னும் அரைக் குரோஸ்தான்.” யாராவது கேட்டா சும்மாவே கொடுப்பாங்க, ஒரு நிபந்தனையோட. எங்க நடப் போறேன்னு இடத்தைக் காட்டணும். பெறகு எப்பவாவது அந்தப் பக்கம் போனா இறங்கிப் போய் எட்டிப் பார்த்துட்டு வருவாங்க, நிக்குதா இல்லையான்னு.

பி.கு: ஸ்வீடன்ல இருந்து அம்மாவுக்கு என்ன வாங்கிட்டு வர்றதுன்னு ரொம்ப யோசிச்சு, கடைசியில ஒரு தீப்பெட்டி வாங்கினேன். ‘சூல்ஸ்டிக்கான்’னு பேரு. சூரியனைப் பார்த்து நடந்து போற ஒரு குழந்தை படம், 1936ல் எய்னார் நெர்மன்ங்கிறவர் வரைஞ்சது. விமானத்துல தீக்குச்சி கொண்டு வந்து வம்பு வேண்டாம்னு குச்சி பூராவையும் டிராக்டர்காரர்கிட்ட கொடுத்துட்டு, வெறும் பெட்டியை மட்டும் கொண்டு வந்தேன். தீப்பெட்டி ஊருக்கு ஒரு காலித் தீப்பெட்டி! அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாங்க. மூலையைத் தடவிப் பார்த்தாங்க. “மெஷின் ஒட்டு. நல்லாத்தான் இருக்கு”ன்னாங்க. பெறகு, “ஆனா நம்ம ஒட்டு இன்னும் இறுக்கமா இருக்கும்”னாங்க.

அந்தப் பெட்டி இன்னைக்கும் இருக்கு. அடுத்த வருஷத்துக்கான வாகை விதை அதுலதான் இருக்கு.